ஒரு மூடி அரிஷ்டம்

என் மனைவி இறந்த பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் நான் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் காரோட்டிப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. இரண்டு வருடங்கள் அவளைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்ற கிழமை அது. கெலிஓயாவைத் தாண்டியதும் ஒரு வளைவில் வாகனங்கள் வரிசையாக நிற்கும். அங்கேதான் அவள் தன் ஆயுர்வேத மருந்தான அரிஷ்டத்தில் ஒரு மூடி குடிப்பாள். எஞ்சிய போத்தல் காரிலேயே கிடந்தது. நான்காவது வாரம், அதே வளைவில், அதே மூடியில் ஊற்றி நான் குடித்தேன். ஏன் என்று இன்றும் என்னால் விளக்க முடியாது. பிறகு எல்லாச் செவ்வாய்களிலும் குடித்தேன். மூச்சை விட்டால் அவளுடைய வாய் மணம் காருக்குள் நிறையும். அவள் அப்போதுதான் ஏதோ சொல்லி முடித்திருக்கிறாள், நான்தான் கவனிக்கவில்லை என்று தோன்றும்.

அப்படி ஒரு செவ்வாய் காலை, ஆற்றிலிருந்து எழுந்த மூட்டம் சாலையை மறைத்திருந்தது. மூடியைக் கீழே வைத்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டு காரை நிறுத்தியது. பஸ் சாரதிகள் குடித்திருக்கிறார்களா என்று காலையில் சோதிக்க நிற்கும் பொலிஸார் இருவர். இளையவர் சிங்களவர், தெல்தோட்டைப் பக்கம் வேலை பார்த்துத் தமிழ் பழகியவர். குழாய் பொருத்திய பலூனை நீட்டினார்.

“ஊதுங்க ஐயா. பேரப்புள்ளைக்கு ஊதுற மாதிரி நல்லா ஊதணும்.”

ஊதினேன். குழாயிலிருந்த மஞ்சள் மணிகள், குறித்த கோட்டுக்கு அப்பாலும் பச்சையாகின.

“காலங்காத்தால தேத்தண்ணிக்குப் பதிலா இதுதானா?” என்று மூத்தவர் சிரித்தார்.

இளையவர் சிரிக்கவில்லை. பலூனின் வாயருகே குனிந்து முகர்ந்தார். பிறகு காரின் பின் இருக்கையை எட்டிப் பார்த்தார்.

“சாராயம் இல்ல இது. வயசான பொம்பளைங்க கிட்ட வர்ற மணம். வேற யாரு ஐயா இருந்தாங்க உள்ள?”

“யாரும் இல்லை.”

அவர் குழாயை உறையிலிட்டு ஒட்டினார். நான் கையொப்பமிட்டேன். பொலிஸ் பிணையில் மாலை வீடு திரும்பினேன்.

முப்பது வருடங்கள் சாட்சியச் சட்டம் கற்பித்தவன் நான். அந்தக் குழாய் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று எனக்குத் தெரியும். அரிஷ்டத்திலிருந்து வாயில் தங்கிய மதுசாரத்தையும் இரத்தத்தில் கலந்ததையும் அது பிரித்தறியாது. வாய் கொப்பளிக்க விடாமல், சற்று நேரம் பொறுக்காமல் செய்யப்பட்ட சோதனை அது. எனக்காக நீதிமன்றத்தில் தோன்ற முன்வந்த சட்டத்தரணி என் பழைய மாணவி. அவருடைய மேசையில் அண்மைய மேன்முறையீட்டுத் தீர்ப்புகளின் பிரதிகள் கிடந்தன.

“இதெல்லாம் நம்ம பக்கம்தான் சேர். சோதிச்ச விதத்துல ஐயம் வந்தாலே போதும். ஆனா ஐயம் வாறதுக்கு நீங்க மருந்து குடிச்சதச் சொல்லணுமே. போத்தலயும் குடுக்கணும். முத்திரை வெச்சுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவாங்க.”

“திரும்பக் கிடைக்குமா?”

“என்ன சேர் நீங்க! இதுக்கா யோசிக்கிறீங்க? அரிஷ்டம் எல்லாக் கடையிலயும் இருக்கே.”

“கடையில் இருப்பது வெறும் அரிஷ்டம்,” என்றேன்.

 அவர் குரலைத் தாழ்த்தினார். “யாருக்குக் குடுத்த மருந்துன்னு கட்டாயம் கேப்பாங்க, சேர்.”

 அவர் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

போத்தலில் நான்கைந்து மூடி அளவு எஞ்சியிருந்தது. குற்றத்தை ஏற்றால் சாரதி அனுமதிப்பத்திரம் போகும், அதோடு செவ்வாய்ப் பயணமும் போகும். மறுத்தால் போத்தல் போகும். அவளுடைய மூச்சு எப்படி மணந்தது என்று நான் அந்நியர் முன் விவரிக்க நேரும். ஏற்றுக்கொள்ளப்பட்ட விடயத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்று வருடந்தோறும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நிரூபிக்க வேண்டாததை யாரும் திறந்து பார்ப்பதுமில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

வழக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அழைக்கப்பட்டது. போத்தலைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். பெயர் கூப்பிடுவதற்குச் சற்று முன், நீதிமன்ற வளவின் தண்ணீர்க் குழாயடியில் ஒரு மூடி குடித்தேன்.

குற்றவாளி என்றேன். நீதவான் என்னையும் வழக்குக் கோவையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

“அன்று காலை ஏதாவது மருந்து உட்கொண்டீர்களா? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்.”

நான் வெளியேறுவதற்கு அவர் திறந்துவைத்த கதவு அது. மாணவி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“இல்லை,” என்றேன்.

நீதிமன்றம் ஒன்றில் நான் சொன்ன முதல் பொய். அந்தச் சொல்லோடு அவளுடைய மணமும் வெளியே வந்தது. காருக்குள்கூட அது அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. சொன்னது என் குரல்தானா என்று ஒரு கணம் எனக்கே நிச்சயமில்லை. ஓரடி தள்ளி நின்ற மாணவி சட்டென்று திரும்பினார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது தோளுக்குப் பக்கத்தில், ஆளில்லாத இடத்தைப் பார்த்தார். பிறகு, யாருக்கோ வழிவிடுபவர்போல் அரையடி விலகி நின்று, கோவையை மூடினார்.