தேயிலைக் கட்டைப் பேனா

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனா பெல்மதுளை முழுக்கத் தேடினாலும் என்னை மாதிரி மரப் பேனா கடையிற ஆள் கிடைக்காது. இன்னைக்கு லேத் மெஷினில் பழைய தேயிலைக் கட்டையை ஏத்தினதும் கிளம்பின வாசத்தில், இப்போ காடேறிப்போன எங்க தேயிலைத் தோட்டத்து மேல்மலையும், அங்கே பிடுங்கிப்போட்ட செடிக் கட்டைகளை அள்ளி வந்து, எங்க லயத்து வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, அப்பா செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால் பம்பரம் செதுக்கின லெட்சுமி அக்காவும், அது சுத்துறப்போ எழும்புற 'உய்ங்' சத்தமும் அப்படியே வந்து நின்னுச்சு. தள்ளாடுற பம்பரத்தை அக்கா இரக்கமே இல்லாம அடுப்பில் போட்டுருவா. நானும் பேனாவை மேசையில் சுத்திப் பார்க்காம யாருக்கும் கொடுக்கிறதில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தா. புதுப் பேனாவை முனையில் நிறுத்தி, விரலால் ஒரு சுண்டு சுண்டினா. அது தள்ளாடாம சுத்துச்சு.

"பரவால்லடா தம்பி," என்றா. "அடுப்புக்கு வேணாம்."