சொல்லி முடிக்கட்டும்

தேனியில் முதுகலைச் சமூகப்பணி படித்தபோது களப்பணியில் எனக்குத் துணையாக வாய்த்தவளுக்குத் திக்குவாய். போடி கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். சேர்க்கை நாளன்றே யாரோ, "பேசிப் பிழைக்கிற படிப்பும்மா இது, யோசிச்சுக்க" என்றாராம். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். வகுப்பில் நேர்காணல் நடித்துப் பழகும்போது அவள் முறை வந்தால் நாங்கள் குனிந்துகொள்வோம். அவள் குனிந்ததில்லை.

இரண்டாம் ஆண்டில் மருத்துவமனையில் களப்பணி. பெண்கள் வார்டில், பூச்சிமருந்து குடித்துப் பிழைத்த ஓர் அம்மாள் யாரிடமும் வாய் திறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாடத்தில் படித்த கேள்விகளையெல்லாம் கேட்டு நான் ஓய்ந்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வீ... வீ..." என்று திணறினாள். அந்தச் சொல்லை நான் முடித்துக்கொடுக்கப் போனேன், அவள் கையமர்த்தினாள். அந்த அம்மாள் மெல்லத் திரும்பினார்.

"வீட்டுலயா, தாயி? வீட்டுல எம் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்காக. ஒம்பதாங் கிளாசு படிக்குது. வேணாம்னேன், யாரும் கேக்கல."

அவர் சம்மதித்த பிறகு எங்கள் பேராசிரியை சமூகநல அலுவலருக்குத் தகவல் சொன்னார். அந்த அம்மாள் வீடு திரும்பியதும், அலுவலரோடு நாங்களும் சின்னமனூர்ப் பக்கமிருந்த அவர்கள் வீட்டுக்குப் போனோம். சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கணவர் அமைதியாகக் கேட்டார்.

"கேசுன்னு சொல்றீக, சரி. நாங்க ரெண்டு பேரும் விடியமுன்ன திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருவோம். வயசுப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவள் தொடங்கினாள். விடுதி என்ற சொல்லில் மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்ற உறவினர் ஒருவர் சிரித்தார்.

"சிரிக்காதீக" என்றார் அந்த அம்மாள். "அந்தப் பிள்ளை சொல்லி முடிக்கட்டும்."

கணவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து காத்திருந்தார். பெரியகுளத்தில் மாணவியர் விடுதி இருப்பதையும், சேர்க்கத் தானே கூட வருவதையும் அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். கல்யாணம் நின்றது.

மகளைச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது, அன்று வார்டில் என்னை ஏன் தடுத்தாய் என்று பஸ்ஸில் கேட்டேன்.

"நீ சொல்லியிருந்தா அது உன் கேள்வி. அ... அவுகளே சொன்னதாலதான் அவுக பேச்சு வந்துச்சு."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் தேனிக்குள் நுழைந்துவிட்டது. நான் குறுக்கே பேசவில்லை.