மதிலில் நான் அடைத்த துளை

மலைச்சரிவிலுள்ள என் வீட்டின் பின்மதிலில், மழைநீர் வெளியேற ஒரு துளை இருந்தது. அதன் வழியே செல்வம் போய்விடும் என்று வாஸ்து பார்த்தவர் கூறியதால் அடைத்துவிட்டேன்.

"மலைத்தண்ணி அப்புறம் எங்கங்க போகும்?" என்று கீழ்வீட்டுச் செல்வி கேட்டார்.

புயலன்று கூடத்தில் நீர் ஏறி, நடக்க இயலாத என் மனைவியின் கட்டிலைத் தொட்டது. அப்போது மதிலை இடிக்கும் ஓசை கேட்டது. மறுபுறத்தில் கடப்பாரையுடன் செல்வி நின்றிருந்தார்.

"உங்க வீட்டுக்குள்ள வந்துடுமேம்மா!"

"வராதுங்க! அக்காவைப் பாருங்க. வாஸ்துவை அப்புறம் பாத்துக்கலாம்!"

நீர் வடிந்தது. அது சென்ற வழியை அறியும் ஆவலில் மறுநாள் நடந்தேன். செல்வியின் வாசலோரம் தொடங்கி ஏரிவரை, அவர் ஆண்டுதோறும் தூர்வாரி வந்த ஒரு சிறு கால்வாய் ஓடியது. என் வீடு இத்தனை ஆண்டுகள் நனையாதிருந்த காரணத்தை அன்றுதான் கண்டேன்.