கீரைக்குத் தெளித்த தண்ணீர்

பரவை மார்க்கெட்டில் முனீஸ்வரியின் கீரைக்கட்டுகள் எப்போதும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். விடிந்ததிலிருந்து மதியம் வரை வாளியில் கையை விட்டுத் தெளித்துக்கொண்டே இருப்பாள். கீரை நனையும், உட்கார்ந்திருக்கும் சாக்கு நனையும், அவள் சேலையும் நனையும். ஆனால் அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

பக்கத்தில் தேங்காய் விற்கும் ராக்கம்மாள் கேலி பேசுவாள். “ஏ முனீசு, கீரை விக்கிறியா, மீன் வளக்கிறியா? இம்புட்டுத் தண்ணி எதுக்கு?”

முனீஸ்வரி லேசாகச் சிரித்துவைப்பாள். வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் கசிந்துவிடும், தும்மினாலும் அப்படித்தான். மகள் தமிழ்வாணி பிறந்ததிலிருந்து இருபத்து நான்கு வருஷமாக இந்தப் பாடு. முன்பு வெங்காயம் விற்றாள். காய்ந்த சாக்கில் ஈரம் வட்டமாகத் தெரிந்துவிடும் என்றுதான் கீரைக்கு மாறினாள். நல்ல வியாபாரத்தைக் கெடுத்தாள் என்று புருஷன் சின்னச்சாமி சாகும்வரை திட்டினார். அவரிடமும் சொல்லவில்லை.

பத்து வருஷத்துக்கு முன் ஒரே ஒரு தடவை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சீட்டு எழுதும் இடத்தில் என்ன செய்கிறது என்று கேட்டார்கள். பின்னால் வரிசை நின்றது. வயிற்றுவலி என்றாள். வயிற்றுவலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

இந்தச் சித்திரையில் தமிழ்வாணி கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் பில் போடுகிறவள். பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது. வேலையை விடப்போவதாகச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. அவ்வளவு வெயிலில் வந்தவள் தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, நாற்காலியில் விரித்து, மேலே துண்டைப் போட்டு உட்கார்ந்தாள்.

முனீஸ்வரி அவள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“இருமுனா வருதா, சிரிச்சா வருதா?”

மகள் நிமிர்ந்தாள். “ஒனக்கு எப்படிம்மா தெரியும்?”

“நீ பொறந்ததுலருந்து தெரியும்.”

தமிழ்வாணி மூலையில் இருந்த கீரை வாளியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை இருவரும் அதே ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்கள். என்ன செய்கிறது என்று கேட்டதும் தமிழ்வாணி வயிற்றுவலி என்று ஆரம்பித்தாள். முனீஸ்வரி அவளை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

“வயித்துவலி இல்லங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒன்னுக்கு அடக்க முடியல.”

வரிசையில் யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சீட்டு எழுதியவர் தலை நிமிராமல் அறை எண்ணைச் சொன்னார்.

மகளுக்கு மருத்துவர் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். பிரசவத்தில் தளர்ந்த தசை, மூன்று மாதம் விடாமல் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், வேலையை விட வேண்டாம் என்றார். தாயின் ஸ்கேனை மட்டும் இரண்டு முறை பார்த்தார். கர்ப்பப்பை இறங்கி அழுத்தியதில் ஒரு சிறுநீரகம் வீங்கிக் கெட்டுப்போயிருந்தது. அறுவை சிகிச்சை செய்தாலும் அது பழையபடி ஆகாது. முன்பே ஏன் வரவில்லை என்று கேட்டார்.

வந்தேன், வயிற்றுவலி என்று வந்தேன் என்றாள் முனீஸ்வரி.

மறுநாள் மார்க்கெட்டில் ராக்கம்மாள் எங்கே போனாய் என்று விசாரித்தாள். முனீஸ்வரி மறைக்காமல் சொன்னாள். ராக்கம்மாள் சற்று நேரம் கழித்துத் தன் தேங்காய்ச் சாக்கை ஒரு கை தூரம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

சிம்மக்கல்லிலிருந்து போன் வந்தது. வேலைக்கு வந்துவிட்டேன் என்றாள் தமிழ்வாணி.

இரண்டு சாக்குக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில் முனீஸ்வரி தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தாள். எல்லோரும் பார்க்கத் திறந்து குடித்தாள்.