ஆறு பாத்தி பயித்தங்காய்

காய்கறித் தோட்ட வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் முதல் நாளைச் சொல்லிவிடுகிறேன். இதைவிடக் கேவலமாக யாரும் தொடங்க முடியாது, அதனால் உங்களுக்குத் தெம்பாக இருக்கும்.

தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து நர்சரியில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், வேலை போயிற்று. ஐம்பத்து மூன்று வயதில், தஞ்சோங் ரம்புத்தானில் பார்வதியக்காவின் குத்தகைத் தோட்டத்தில் சேர்ந்தேன். என்னைவிட ஆறு வயது சின்னவர். சம்பளம் கொடுப்பவர் என்பதால் அக்கா.

நேரடியாக விதை போட்டால் புறா கொத்திவிடுகிறது என்று, பயித்தங்காயை ட்ரேயில் முளைக்கவைத்து, இரண்டு இலை விட்டதும் பாத்திக்கு மாற்றுவது அவர் பழக்கம். அன்று ஈப்போ மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது கேட்டார்.

“அண்ணே, இத நடத் தெரியுமா?”

“என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? இருபத்திரண்டு வருசம் கன்னு நட்டவன்லா நான்.”

கூட வேலை செய்தவர் ரஹீம். பங்களாதேஷ்காரர், நாற்பது வயதிருக்கும், இந்தத் தோட்டத்துக்கு வந்து இரண்டு மாதம்.

ரப்பர் கன்று எதையும் தாங்கும். பிடுங்கி, மண்ணை உதறி, ஆணிவேரை அளவாக வெட்டிக் கட்டையாக நட்டாலும் பிழைத்துக்கொள்ளும். பயித்தங்காயும் செடிதானே? ஒவ்வொரு நாற்றாக உருவி, மண்ணை உதறி, வேரைக் கத்தியால் நறுக்கி நட்டேன். நூல் பிடித்த மாதிரி வரிசை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்பினேன். என்னை வேலையாட்களுக்கு மேலே மண்டோர் ஆக்கிவிட்டார்கள் என்று கூடவே ஒரு பொய்.

“வெட்ட வேணா அண்ணே, செத்துரும்,” என்றார் ரஹீம், அவருக்குத் தெரிந்த தமிழில்.

அவர் ட்ரேயின் அடியை விரலால் தள்ளி, மண்ணோடு நாற்றை எடுத்து, இரண்டு கையாலும் குழியில் இறக்கிக்கொண்டிருந்தார். “நடுறியா, புள்ளையத் தூங்க வைக்கிறியா?” என்று கேலி செய்தேன். நான் ஆறு பாத்தி முடித்தபோது அவர் ஒன்றுதான் முடித்திருந்தார்.

பதினொரு மணிக்கு என் செடிகள் தலை சாய்ந்தன. ஒரு மணிக்கு ஆறு பாத்தியும் படுத்துவிட்டது. தண்ணீர் ஊற்றினேன், பிறகு திட்டினேன். எதற்கும் எழவில்லை. ரஹீமின் பாத்தி மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நின்றது.

மூன்று மணிக்கு அக்கா வந்தார். ரஹீம் பைப்பைச் சுருட்டப் போயிருந்தார்.

“நிக்கிற பாத்தி யாரு போட்டது?”

வாய் முந்திக்கொண்டது. “நாந்தான்க்கா.”

“அப்ப இந்த ஆறும் ரஹீமா?”

தலையை ஆட்டினேன். அக்கா ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்.

“வெட்டியில்ல வெச்சிருக்கான். எவ்ளோ சொல்லிக் குடுத்தேன். இனி இவன் வேணாம், ஆள் அனுப்புன ஏஜென்ட்டுக்குப் போன் போடுறேன்.”

ரஹீம் அதற்குள் பின்னால் வந்து நின்றார். அந்த அளவு தமிழ் அவருக்குப் புரியும். அக்காவின் கையில் இருந்த போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“போன வைங்கக்கா. ஆறும் நான் போட்டது. வெட்டுனதும் நாந்தான். அவரு வேணாம்னுதான் சொன்னாரு.”

அக்கா போனைப் பைக்குள் போட்டார்.

“உங்களத்தான் அனுப்பணும். வயச பாத்து விடுறேன். நாளையிலேர்ந்து ரஹீம் சொல்றபடி செய்யுங்க.”

மறுநாள் ரஹீம் மிச்சமிருந்த ட்ரேயைக் கொண்டுவந்து வைத்தார். பழிவாங்குவார் என்று காத்திருந்தேன். அவர் என் விரலைப் பிடித்து ட்ரேயின் அடியில் வைத்து, “பெலான் பெலான்,” என்றார் மலாயில், அவசரப்படாதே என்று. மதியம் வரைக்கும் ஒரே ஒரு பாத்திதான் நட்டேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு முன்பே போனேன். ரஹீம் எனக்கு முன்னால் வந்து, என் பாத்தியில் குனிந்து செடி செடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் நின்றன. அப்படியும் கடைசிச் செடி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். எனக்குக் கோபம் வரவில்லை.

நாற்று செத்தால் பத்து நாளில் வேறு நாற்று கிடைக்கும். என் பாத்தியைக் குனிந்து பார்க்காமல் ரஹீம் தாண்டிப் போக எட்டு மாதம் ஆயிற்று.