மணல் வாளியோடு வந்தவர்

இன்று பின்னேரம் மிளகாய்க் கன்றுகளுக்குக் கரிப்புகையில் வடித்த காடியைத் தெளித்தேன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்கப் புகை மணம்.

இந்த உலக யுத்தத்தில் குண்டு விழுந்தால் நெருப்பணைக்கவென்று எங்கள் ஒழுங்கைக்கு நியமிக்கப்பட்ட சின்னத்துரை அண்ணை மணல் வாளியோடு ஓடி வந்தார்.

"எங்க தங்கச்சி நெருப்பு?"

"நெருப்பில்லை அண்ணை, பூச்சிக்கு மருந்து. சிரட்டைக் கரி சுடுற இடத்தில வாங்கினது."

"ஓ, அதுவோ! நானும் காலமை கத்தரிக்கு ஒரு போத்தல் ஊத்தினனான்."

"எவ்வளவு தண்ணி கலந்தனீங்கள்? நான் வாளித் தண்ணிக்கு ரெண்டு கரண்டிதான் விடுறனான்."

"தண்ணி கலக்க வேணுமோ?"

"ஓமண்ணை, கலக்காட்டி செடியை நெருப்பு மாதிரி எரிச்சுப்போடும்!"

மணலை என் வாசலிலேயே கொட்டிவிட்டு, அதே வாளியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை அள்ளிக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினார்.

யுத்தம் தொடங்கியதிலிருந்து அவர் அணைக்கப் போன முதல் நெருப்பு அதுதான். கத்தரி பிழைக்குமா, சொல்லுங்கள்!