தங்கம் கொட்டிய குடுவை

இருபத்திரண்டு வருடங்களாகக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் தங்கத்துக்கு ஒரே விதிதான். கலங்கிய குடுவையில் கிருமி வளர்ந்திருக்கும். அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் அவித்த பிறகே கழுவ வேண்டும். தெளிந்த குடுவையில் ஒன்றும் இல்லை. நேரே தொட்டியில் ஊற்றலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்றை அப்படித்தான் ஊற்றினாள். சற்று நேரத்தில் ஆராய்ச்சி மாணவி டயானா வந்து தேடினாள்.

"அக்கா, இங்கன இருந்த குடுவை?"

"வெறும் தண்ணிதான பாப்பா? ஊத்திட்டேன்."

டயானா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஆரப்பாளையத்துச் சாக்கடைத் தண்ணீரை நான்கு மாதம் எடுத்துச் சலித்துப் பிடித்த வைரஸ் அது. பாக்டீரியாவுக்குள் புகுந்து அதை உடைப்பது. வேறு எதிலும் எடுத்து வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் காட்ட வேண்டும்.

"நேத்து கலங்கித்தான்க்கா இருந்துச்சு. அம்புட்டு பாக்டீரியாவும் ஒடஞ்சதாலதான் தெளிஞ்சிருக்கு."

தங்கம் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவிச்சீங்களா?"

"தெளிஞ்சத எதுக்கு அவிக்க? சும்மா கவுத்து வச்சிருக்கேன். இன்னும் கழுவல."

டயானா எழுந்து ஓடினாள். குடுவையின் உள்சுவரில் இரண்டு மூன்று துளிகள் ஒட்டியிருந்தன. அவற்றை உறிஞ்சி, பாக்டீரியா வளர்ந்து கலங்கியிருந்த வேறொரு குடுவையில் விட்டாள்.

"இது தெளிஞ்சா பொழச்சோம்."

தங்கம் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதன் முன்னால் நின்றாள். அவ்வப்போது குடுவைக்குப் பின்னால் விரல்களை வைத்துப் பார்த்தாள். தெரியவில்லை.

"உள்ள என்னதான் பண்ணுது அது?"

"தன்ன மாதிரியே நூறு செஞ்சுக்கும். அதுவரைக்கும் பாக்டீரியா உசுரோடதான் இருக்கும். அந்த நேரத்துல வைரஸோட ஒரு புரதம் பாக்டீரியாவோட உள்சவ்வுல, அதான் உள்தோலுல, சேந்துக்கிட்டே வரும். போதுமான அளவு சேந்ததும் சடார்னு ஓட்டை. அது வழியா இன்னொரு புரதம் போயி சுவர அறுக்கும். அம்புட்டுத்தான், வெடிச்சிரும்."

"அப்ப எப்ப வெடிக்கணும்னு மணி பாக்குறது அந்த ஓட்டை போடுற புரதந்தானா?"

"ஆமாக்கா."

"முந்திப் போட்டுட்டா?"

"குட்டி கொறச்சலா வரும்."

அலுவலக எழுத்தர் இன்பசேகரன் வாசலில் நின்று சிரித்தார். "என்னக்கா, குடுவையில படம் ஓடுதா?"

"ஓடுதுண்ணே. நீங்க பாத்தா தெரியாது."

பன்னிரண்டரைக்கு முதல் விரலின் நிழல் தெரிந்தது. ஒரு மணிக்கு ஐந்து விரல்களும். மேலே நுரை கட்டியது. உள்ளே மெல்லிய நூல்கள் போல ஏதோ மிதந்தது. டயானா தங்கத்தின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு தெளிந்த தண்ணீரை மூன்று புட்டிகளில் பிரித்து மூடினாள்.

தங்கம் கழுவுவதற்கு வைத்திருந்த தட்டைப் பார்த்தாள். அதில் நான்கு தெளிந்த குடுவைகள்.

"பாப்பா, இதுக ஒடஞ்சு தெளிஞ்சதா, ஒண்ணுமே மொளைக்காததா?"

டயானா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"தெரியலக்கா. எல்லாத்தையும் அவிச்சிருங்க."